யாரிடம் எந்தப் பொய்

விண்கப்பல் தளத்தைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. உள்ளே மூன்று பேர். மூவருமே விண்பேரரசின் ஒற்றர்கள். நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம், மகள் இன்னும் பணியில் இருக்கிறாள். ஓய்வு பெற்றவனைப் பற்றி வீட்டிலேயே ஒருவர் மாதாமாதம் ரகசியமாக எழுதிப் போட வேண்டும் என்பது இலாகா விதி. ஞாபகம் தடுமாறுகிறது என்று எழுதிவிட்டால் தீர்ந்தது கதை. எதையாவது உளறிவைப்பான் என்று ஏழாம் நிலவின் ஓய்வில்லத்துக்கு ஏற்றிவிடுவார்கள். போனவன் எவனும் திரும்பியதில்லை.

எனக்கு மகள் மேல்தான் சந்தேகம். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று நாளைக்கு நாலு தடவை கேட்கிறாள். நான் என்ன விசாரணைக் கைதியா?

தொழிலில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஆளுக்கொரு பொய் சொல்ல வேண்டும். எந்தப் பொய் மேலிடம் போய்ச் சேர்கிறதோ, அதைக் கேட்டவர்தான் எழுதுபவர். ஒருத்தியிடம் எல்லைக் கோளில் வீடு வாங்கப்போகிறேன் என்றேன். இன்னொருத்தியிடம் முழங்காலுக்கு ஆபரேஷன் என்றேன். அன்றிலிருந்து மகளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் இலாகா அதிகாரி வந்தார். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்ன சார், முழங்கால்ல ஆபரேஷனாமே?"

மாட்டினாயா என்று திரும்பினேன். மனைவியும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முழங்காலை யாரிடம் சொன்னேன்? வீட்டை யாரிடம்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "ஞாபகமெல்லாம் எப்படி?"

"இவருக்கா?" மனைவி முந்திக்கொண்டாள். "கல்யாணத்துல எங்கண்ணன் இவரை வான்னு கேக்கலையாம். இன்னிக்கும் சொல்லிக்காட்டுறாரு. கொஞ்சம் மறந்தாத் தேவலை சார்!"

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மகளும் வேலைக்குக் கிளம்பினாள். கதவைத் தாழிட்டேன்.

"முழங்கால் விஷயம் அவகிட்டதானே சொன்னேன்?"

"பாவம், அவளை விடுங்க. எழுதுறது நான்தான்."

"அடிப்பாவி!" முப்பது வருஷம் கூடவே இருந்தவள். "அப்போ வீடு வாங்குற கதைதான் அவகிட்ட சொன்னதா?"

"இல்லைங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதையும் என்கிட்டதான் சொன்னீங்க, அன்னிக்கே, பத்து நிமிஷம் கழிச்சு. ரெண்டையும் எழுதினா உங்க தடுமாற்றம் அவங்களுக்குப் புரிஞ்சிடும். அதான் ஒண்ணை மட்டும் எழுதினேன்."