ராணிக்காக இளைத்த உடம்பு

அடைக்கலராஜ் முதன்முதலாக டாக்டர் கலைச்செல்வியிடம் போனது தன் உடம்பைப் பற்றிய கவலையால் இல்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அவனுடைய தங்கை ஜெயராணிக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. பனமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், வாரம் மூன்று தடவை விழுப்புரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். அவள் புருஷன் கிறிஸ்டோபருக்கு ரத்த வகை சேரவில்லை. அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவன்தான். "என்னுத எடுத்துக்குங்க" என்று போய் நின்றவனை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஈரலில் கொழுப்பு, கொஞ்சம் பிரஷர். இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, இளைத்து வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராணி அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். திண்டிவனம் தாண்டி செஞ்சிக் கோட்டை மலைகள் தெரிந்தபோது அவன் தன் தொந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். இருபது வருஷமாக ஜேசிபியில் உட்கார்ந்து மண் வாரிச் சேர்த்த தொந்தி. காலையில் பூரி, மதியம் பிரியாணி, சாயங்காலம் பரோட்டா, நடுநடுவே சர்க்கரை தூக்கலாக டீ. அதுவரை அவனுக்கு அது ஒரு பாரமாகத் தெரிந்ததே இல்லை.

டாக்டர் கலைச்செல்வியின் கிளினிக் செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. அவருக்கும் ஏறக்குறைய இவன் வயதுதான். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். சென்னையில் கொடுத்த காகிதங்களை ஒன்று விடாமல் படித்தார்.

"எறக்கிடலாம். ஆனா மாசத்துக்கு ரெண்டு கிலோ, மூணு கிலோ. அதுக்கு மேல நான் அவசரப்பட மாட்டேன்."

"அதுவரைக்கும் அவ இருக்கணுமே மேடம்?"

"இருப்பாங்க. டயாலிசிஸ் ஒழுங்கா நடந்தா வருஷக்கணக்குல இருக்காங்க."

அவனுக்கு அந்தப் பொறுமை வரவில்லை. இளைக்க வைக்கும் என்று யாரோ ஒருவன் விற்ற பவுடரை வாங்கித் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டு, சோற்றை அறவே விட்டான். மனைவி ஞானம் தட்டைக் கொண்டுவந்து வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். இரண்டாவது வாரம் சீயமங்கலம் பக்கத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டி வண்டிக்குள்ளேயே சரிந்துவிட்டான். நல்லவேளை, வண்டி சமதரையில் நின்றிருந்தது.

அன்றைக்குத்தான் டாக்டருக்குக் கோபம் வந்து அவன் பார்த்தான். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபத்தில் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிட்டது.

"பட்டினி கெடந்து, கண்டதையும் கலக்கிக் குடிச்சி, இருக்கிற கிட்னிய கெடுத்துக்கினா உங்க தங்கச்சிக்கு இன்னாத்த எடுத்துக் குடுப்பீங்க? அது இப்ப உங்களுது மட்டும் இல்ல. தெரியுதா?"

அவன் சின்னப்பிள்ளை மாதிரித் தலையாட்டினான். வாசலில் நின்றிருந்த ஞானம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் அவளையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு, எந்தெந்தக் கீரை, எத்தனை முட்டை என்று அவளிடம்தான் பேசினார். "இவரு ஒத்தையா இளைக்க முடியாது. நீங்க ஆக்குறததான் இவரு தின்னப்போறாரு" என்றார்.

அதற்குப் பிறகு அவன் சொன்னபடி கேட்டான். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரே ஒரு கரண்டிச் சோறும் தட்டு நிறையக் காயும், டீயில் சர்க்கரை இல்லை. விடிந்ததும் கோட்டைக்குள் போய் செட்டிகுளம் வரை நடந்து திரும்புவான். முட்டி வலி தீரும்வரை மலை ஏற வேண்டாம், சமதரையே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் நடந்துகொண்டிருக்கும்போதே போன் வரும். "நடக்கிறீங்களா? மூச்சு வாங்குறது கேக்குது. சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு போனுக்குப் பயந்தே அவன் ஒருநாள்கூடப் படுத்துக் கிடந்ததில்லை.

கோடையில் எடை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. ஒரு மாதம் முழுக்க முள் நகரவில்லை. மெஷினிலிருந்து இறங்கியவன் அதைக் காலால் ஓர் எத்து எத்தினான்.

"நிக்கட்டும்" என்றார் டாக்டர். "சர்க்கரை எறங்கியிருக்குது பாருங்க. பிரஷர் எறங்கியிருக்குது. போன வருஷம் இந்த மாடிப்படிய எப்படி ஏறி வந்தீங்க, இப்ப எப்படி ஏறி வந்தீங்க? உடம்பு கொஞ்சம் மூச்சு வாங்கிக்குது. நாமளும் வாங்கிக்கலாம்."

ஊரில் அவனைப் பார்க்கிறவர்களெல்லாம் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்கள். கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பூவாயி என்ற கிழவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல சோறு போடறதில்லையாப்பா?" என்று உரக்கக் கேட்டு ஞானத்தைத் தலைகுனிய வைத்தாள். அவன் பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனமலைக்குப் போய்விடுவான்.

ராணிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு வைத்திருந்தார்கள். தாகம் எடுத்தால் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் கறுத்து, கை நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அண்ணன் வருகிறான் என்றால் கிறிஸ்டோபரை அனுப்பி ஆட்டுக்கறி வாங்கிவரச் செய்வாள். அவளுக்கு அதைத் தொட அனுமதி இல்லை.

"நான்தான் தின்னக் கூடாது. நீ தின்னு, நான் பாக்கறேன்."

"டாக்டரம்மா திட்டும்டி."

"ரெண்டு துண்டு தின்னா திட்டாது. நீ இளைக்க இளைக்க எனக்கு பயமா இருக்குதுண்ணா. எனக்காவ சோறு தின்னாம கெடக்கிறியேன்னு ராத்திரில தூக்கம் வர்றதில்ல."

அவன் இரண்டு துண்டு தின்பான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நவம்பரில் அவன் எண்பத்தாறு கிலோவுக்கு வந்தான். டாக்டர் கலைச்செல்வி தானே கடிதம் எழுதி, சென்னைக்குப் போன் செய்து பேசி அனுப்பிவைத்தார். அங்கே மூன்று நாள் தங்க வைத்து ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தார்கள். முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் அவன் சந்தோஷமாக இருந்தான். ராணியும் புதுத்துணி எடுக்கலாமா என்று கேட்டாளாம்.

அதற்குள் புயல் வந்துவிட்டது.

சனிக்கிழமை தொடங்கிய மழை ஞாயிறு முழுக்க ஊற்றியது. அப்படி ஒரு மழையைச் செஞ்சி கண்டதில்லை. கரண்ட் போனது, போன் டவர் போனது. பனமலை ஏரி நிரம்பி வழிந்து ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. ராணிக்கு சனிக்கிழமை நடக்க வேண்டிய டயாலிசிஸ் நடக்கவில்லை. திங்கட்கிழமை காலையில்தான் கிறிஸ்டோபரின் போன் கிடைத்தது. குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"மச்சான், மொகமெல்லாம் வீங்கிடுச்சி. படுக்க முடியல அவளால, மூச்சு முட்டுது. நூத்தியெட்டு வண்டி ரோட்டுக்கு அந்தாண்டயே நிக்குது. தண்ணில எறங்க மாட்டேன்றாங்க."

அடைக்கலராஜ் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஜேசிபியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காத வண்டி அது. வழியெல்லாம் விழுந்து கிடந்த மரங்களைப் பக்கெட்டால் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் போனான். பனமலை போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

கிறிஸ்டோபரும் பக்கத்து வீட்டு ஆட்களும் ராணியைத் தூக்கி கேபினுக்குள் ஏற்றினார்கள். அது ஓர் ஆள் உட்காரும் இடம். அவன் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து அவளைத் தன் பக்கத்தில் இடுக்கி உட்கார வைத்துக்கொண்டான். தண்ணீர் டயரின் முக்கால் உயரம் வரை இருந்தது. கீழே ரோடு இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பக்கெட்டை முன்னால் விட்டுத் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அவள் மூச்சு அவன் காதோரம் கொரகொரவென்று இழுத்தது.

"அண்ணா."

"பேசாத ராணி. இதோ ஆச்சி."

"நீ பழைய மாதிரி இருந்திருந்தா... ரெண்டு பேரும் இதுல உக்காந்திருக்க முடியுமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

அக்கரையில் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். விழுப்புரம் போய்ச் சேருகிற வரைக்கும் உயிர் இருந்தது. டயாலிசிஸுக்கு ஊசி போடுவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்றார்கள். அவனுக்கு அந்த வார்த்தை புதிது இல்லை. ஒரு வருஷமாக அவளுக்கு இளநீரும் வாழைப்பழமும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வந்த வார்த்தைதான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஏரிக்கரை உடைப்பை அடைக்கும் வேலையில் இருந்தான். சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரல் உற்சாகமாக இருந்தது.

"சார், உங்க ரிப்போர்ட் எல்லாம் வந்துடுச்சு. எல்லாமே நார்மல். டோனரா நீங்க ஓகே. பேஷண்ட்ட எப்ப அட்மிட் பண்றீங்கன்னு சொன்னா..."

அவன் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். சேறு அப்பிய காலோடு பஸ் ஏறி, அப்படியே கிளினிக்கின் மாடிப்படி ஏறினான். காத்திருந்தவர்களைத் தாண்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். டாக்டர் ஓர் அம்மாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்.

"இருப்பாங்கன்னு சொன்னீங்க. மாசத்துக்கு ரெண்டு கிலோ போதும்னு சொன்னீங்க. நான் வேகமா இளைக்கறேன்னுதான சொன்னேன்? விட்டீங்களா என்ன? ஆறு மாசத்துல முடிச்சிருந்தா மழைக்கு முன்னாடியே ஆப்ரேஷன் ஆயிருக்கும். இப்ப போன் பண்றாங்க மேடம். எல்லாம் நார்மலாம். நான் ஓகேவாம்."

கலைச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"நானும் அததான் நெனச்சிக்கினு இருக்கேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் வேகமா கொண்டு போயிருக்கலாமோன்னு. அப்படிப் போயிருந்தா உங்க கிட்னி கெட்டு ரெண்டு பேருக்கும் இல்லாம போயிருக்கும்னு எனக்குப் படிச்சது சொல்லுது. ஆனா நிச்சயமா தெரியுமான்னு கேட்டா, தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்யி."

அவன் சண்டைக்கு வந்திருந்தான். சண்டை போட எதிரில் ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தான்.

"வேற யாருக்காவது குடுத்துடலாமா மேடம்? அங்க டயாலிசிஸ்ல எத்தினி பேரு கெடக்கிறாங்க. எடுத்து யாருக்காவது வெச்சிட சொல்லுங்க."

"அப்படி முன்ன பின்ன தெரியாதவங்களுக்குக் குடுக்க சட்டம் விடாதுங்க. சொந்தமா இருக்கணும்."

"அப்ப இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் கையில் கொடுத்தார். அவன் முழுவதையும் குடித்தான். குடித்து முடித்த பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அவன் கிளினிக் பக்கமே போகவில்லை. பழைய பரோட்டாக் கடைக்குப் போனான். கடைக்காரன் சந்தோஷமாகச் சால்னாவை அள்ளி ஊற்றினான். ருசி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் தின்றான். முப்பதாம் நாள் பூசைக்குக் கலைச்செல்வி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். முடிந்ததும் ஞானத்திடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலை, வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஞானம் எழுப்பினாள். வெளியே டாக்டர் கால்களில் புது ஷூவோடு நின்றிருந்தார்.

"எனக்கும் சர்க்கரை எல்லைல வந்துடுச்சி" என்றார். "நடக்கணும். ஒத்தையா போவ கஷ்டமா இருக்குது. வரீங்களா?"

அவன் மறுப்பு சொல்ல வாயெடுத்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களிலும் இருவரும் கோட்டைக்குள் நடந்தார்கள். டாக்டருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கியது. அவன் நடையைக் குறைத்துக்கொள்வான். எடையைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஏழெட்டு கிலோ ஏறியிருப்பது பார்த்தாலே தெரிந்தது. ஏறியது அதோடு நின்றது, இறங்கவும் இல்லை. அவனுக்கு அதில் சந்தோஷமோ வருத்தமோ இல்லை. சில நாள் அவன் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, எழும்வரை காத்திருப்பார்.

ஒருநாள் பனி விலகாத நேரத்தில், அகழியை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது அவன் திடீரென்று நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"வீட்ல யாரும் அவ பேர சொல்றதில்ல. நான் அழுவேன்னு ஞானம் சொல்லாது. கிறிஸ்டோபரும் போன் பண்ணா மழை, வேலைன்னு பேசிட்டு வெச்சிடறான். ரொம்ப நாளாவுது, அந்தப் பேர யாரும் சொல்லி நான் கேட்டு. நீங்க ஒரு தடவ சொல்லுங்க."

கலைச்செல்வி அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஜெயராணி" என்றார்.

அவன் தலையாட்டினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு இருவரும் நடந்தார்கள்.