மூன்றில் படிந்த பேரம்

எங்கள் துணிக்கடைக்கு எதிரே பாத்திரக்கடை. வாசலில் 'ஒரே விலை' என்று பலகை. தெரு முழுக்க அந்தக் கடைக்காரிக்கும் அதுவே பெயர். பேரம் பேசத் தெரியாதவள் என்ன வியாபாரி என்று பன்னிரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே போக ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

போவது காசநோய் மாத்திரை விழுங்க. நாங்கள் இருவருமே எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள்; அதற்கான மாத்திரையை ஒரே தம்ளர் தண்ணீரில் பங்குபோட்டு விழுங்கிப் பழகியவர்கள். அவருக்குக் காசநோயும் வந்தபோது, விழுங்குவதைப் பார்த்து அட்டையில் குறிக்கும் பொறுப்பைச் சுகாதார ஊழியர் என்னிடம்தான் தந்தார். இரண்டாம் மாதம் அது ஒரே விலைக்காரிக்குக் கைமாறியது. மாற்றச் சொன்னவர் என் வீட்டுக்காரரேதான். அவளும் எங்களைப் போலத்தான். ஒரே மையத்தில் மாத்திரை வாங்குகிறோம். காசநோய் வந்து குணமானவள். அவளுக்கு இதெல்லாம் பழக்கம் என்றார் ஊழியர். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இவரைப் பழக்கமில்லையாக்கும்.

மாத்திரை விழுங்க இஸ்திரி போட்ட சட்டை எதற்கு? "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறாளாம். விலை படியும்வரை நானும் எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஒருநாள் பொறுக்காமல் பின்னாலேயே போனேன். கடை வாசலில், காற்றோட்டமாக, உட்கார்ந்திருந்தார். அவள் நீட்டிய கையில் நாலு மாத்திரை. குமட்டுகிறது, இன்றைக்கு மூன்று போதும் என்று இழுத்தார். என்னிடம் இழுத்த அதே இழுப்பு. அவள் பதில் சொல்லவில்லை, கையையும் எடுக்கவில்லை. கடைசியில் நாலும் உள்ளே போயின. நாக்கைத் தூக்கிக் காட்டினார். என்னிடம் ஒரு நாளும் காட்டாத நாக்கு.

பெண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இருக்க இவளிடம் எதற்கு அட்டை என்று கேட்டேன். அவள் உடனே நீட்டினாள். குறுக்கே வந்தது இவர் கை.

"வேண்டாம். அவங்ககிட்டயே இருக்கட்டும்."

"ஏன், நான் கொடுத்தா தொண்டையில இறங்காதா?"

"இறங்கும். ஆனா உன்கிட்ட பேரம் படிஞ்சுடுதே. நாலை மூணாக்கினேன், மூணை ரெண்டாக்கினேன். நீயும் பாவம் பாத்து, அட்டையில நாலுன்னு போட்டே. காய்ச்சல் திரும்ப வந்ததும் பயந்துட்டேன். நான் பொழைக்கணும்மா."

ஊழியரிடம் என்ன சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். உனக்குத் தெரியாமல் நானே துப்பிவிட்டேன் என்று சொன்னாராம்.

"உண்மைய இவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நான் உருகியிருக்க வேண்டும். 'இவங்ககிட்ட மட்டும்' என்பதில் போய்ச் சிக்கிக்கொண்டது மனசு. ஆனாலும் அவர் கன்னத்தைப் பார்த்தேன். குழி கொஞ்சம் தூர்ந்திருந்தது. என் கையில் இருந்தவரை தூராத குழி.

அட்டையைத் தொடவில்லை. நாளையிலிருந்து நானும் வருவேன், இவர் நாக்கை நானும் பார்க்க வேண்டும் என்றேன்.

"வாங்க அண்ணி," என்றாள். "ஆனா நடுவுல பேசக் கூடாது."

சரி என்றேன். உள்ளேயிருந்து அவள் கொண்டுவந்த முக்காலியை இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.