கதவைச் சுமந்த எறும்பு

பதிப்பகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெய்ப்புப் பார்ப்பவர் வாயைக் கொடுத்து, "உங்க வீட்டுல வேற யாரு காலேஜ் போனவங்க?" என்று கேட்டார். "யாரும் இல்ல. எனக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. போதுமா?" என்று வெடித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மேலே ஒருத்தி இருந்தாள். அவள் கல்லூரிக்குப் போகவில்லை, வீட்டைவிட்டே போய்விட்டாள்.

பள்ளிக்கூடங்களுக்குக் கதைப் புத்தகம் போடும் பதிப்பகம் அது. பழைய படத்தையோ கதையையோ எடுத்துப் போட வேண்டுமென்றால், சொந்தக்காரரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது பட்டாசின் வேலை. ஆள் கிடைக்காவிட்டால் உரிமை வாரியத்துக்கு எழுத வேண்டும்: இன்னின்ன இடத்தில் தேடினோம், செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தோம், உரிமைக்காரர் வரவில்லை, நீங்களே அனுமதி கொடுங்கள். வாரியம் கொடுக்கும். அவருக்குச் சேர வேண்டியதை, என்றைக்காவது வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

இதில் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. அறிவிப்பை எப்போதும் ஒரே செய்தித்தாளுக்குத்தான் அனுப்புவார். ஏல விளம்பரமும் கோர்ட்டு விளம்பரமும் போடுவதற்காகவே மூச்சை இழுத்துக்கொண்டிருந்த தாள் அது. எந்தக் கடையிலும் தொங்காது. பொட்டலம் மடிக்கக்கூட அகப்படாது.

"தேடின மாதிரியும் இருக்கணும், கிடைக்காத மாதிரியும் இருக்கணும். அதாம்மா தொழில்" என்பார்.

பட்டாசும் அந்தத் தாளுக்கு நிறைய அறிவிப்பு அனுப்பியவள்தான். ஒருத்தரும் வந்ததில்லை. வராததைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை.

ஒருநாள் முதலாளி பழைய சிறுவர் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டார். "இந்த எறும்புக் கதை நல்லாருக்கு. முழுக்கப் படம். வரைஞ்சது யாருன்னு பேரே போடல. பத்திரிகையும் எப்பவோ மூடியாச்சு. நம்ம பேப்பருக்கு ஒரு அறிவிப்பத் தட்டி விட்டுடு."

வீட்டைவிட்டுக் கிளம்பும் ஓர் எறும்பு, வாசல் கதவைக் கழற்றி முதுகில் வைத்துக்கொண்டு போகிறது. மழை வந்தால் கதவுக்கடியில் ஒண்டுகிறது. ஆறு வந்தால் கதவின் மேல் ஏறிக் கடக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வெட்டவெளியில் கதவை நிறுத்திவிட்டு, வெளியே நின்று தட்டுகிறது. அவ்வளவுதான் கதை.

பட்டாசின் கை பக்கத்தின் மேலேயே நின்றுவிட்டது. கதவின் நடுவில் ஆணி அடித்த தகர ஒட்டு. தாழ்ப்பாளுக்குப் பதில் சைக்கிள் சங்கிலி. கீழ்மூலையில் பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு வட்ட முகம். சின்ன வயதில் வீட்டுக் கதவில் அந்த முகத்தை ஆணியால் கீறியவளே பட்டாசுதான். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தபோது, "நான்தான் கீறினேன்" என்று முதுகைக் காட்டியவள் அக்கா.

அட்டையைத் திருப்பி வருடத்தைப் பார்த்தாள். அக்கா போய் இரண்டு வருடம் கழித்து வந்த இதழ். இரண்டு வருடம் கழித்தும் எங்கேயோ உட்கார்ந்து அந்த முகத்தை, பல் இல்லாததைக்கூட விடாமல், வரைந்திருக்கிறாள்.

அன்றைக்குத்தான் பட்டாசு உண்மையாகத் தேடினாள். பத்திரிகை அச்சான இடத்தில் இப்போது டயர் கடை. ஆசிரியர் உயிரோடு இல்லை. அவர் மகன் போனில், "அப்பாவோட பேப்பரெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சுங்க" என்றான். ஏதோ வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேசுகிற குரல். அவனைத் திட்ட வாயெடுத்தவள் போனை வைத்துவிட்டாள்.

முதலாளியிடம் சொன்னாள். அவர் உடனே வக்கீலைக் கூப்பிட்டார்.

"சொந்த அக்காவா? அப்ப ரொம்ப சுலபம்" என்றார் வக்கீல். "போயி எவ்வளவு நாளாச்சு?"

"எனக்கு ஒன்பது வயசு. இப்ப இருபத்தஞ்சு."

"இத்தனை வருஷமா தகவல் இல்லன்னா கோர்ட்டுல இறந்துட்டதா அறிவிக்கச் சொல்லி வாங்கிடலாம். அப்பாதான் வாரிசு. அவர் ஒரு கையெழுத்துப் போட்டா வாரியமும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்."

வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அப்பாவுக்குப் பஞ்சர் கடை. வீட்டு முன்னறைதான் கடை. பதினாறு வருடத்துக்கு முன்னால், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அக்காவின் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டவர் அவர். மறுநாள் அக்கா இல்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு: "எனக்கு அவ செத்துட்டா." நாலைந்து வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, பழைய வீட்டுக் கதவைப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். புது வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என் காசு போட்டுச் செஞ்ச கதவு, விட்டுட்டு வரணுமா?" என்று அப்பா சண்டைக்குப் போனார். கஞ்சத்தனம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பட்டாசு தாளை அவர் முன்னால் நீட்டினாள். "கையெழுத்துப் போடுப்பா."

"என்னது?"

"அக்கா செத்துட்டான்னு. இத்தனை வருஷம் வாயால சொன்னத கையால போடு. அவ்ளோதான்."

உள்ளேயிருந்து அம்மா வந்து நின்றாள். "போடுங்க, பாக்கலாம். வாய் மட்டும் வக்கணையா பேசும்ல."

அப்பா கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். பேனாவை வாங்கித் தாளின் மேல் கொண்டுபோனவர், "இது எழுதல" என்றார்.

"இன்னும் எழுதவே இல்லையேப்பா நீ."

பேனாவைக் கீழே வைத்தார். "நான் கோவத்துல சொன்னா? அதுக்காக செத்துடுவாளா? செத்துருந்தா எனக்குத் தெரியாதா?"

அவர் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. கொஞ்சம் முன்னால் அவரைக் குத்திக் காட்ட வேண்டும் என்றிருந்த வெறி எங்கே போனதென்று தெரியவில்லை. பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பத்திரிகையோடு எழுந்து வாசலுக்குப் போய், கதவின் தகரத்தைத் தடவிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சங்கிலியைத் தொட்டார்.

"ஆணிகூட விடல, கழுத" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முதுகில் கதவோடு ஊர் ஊராகப் போகிற எறும்பையும், தள்ளுவண்டியில் கதவை ஏற்றிக்கொண்டு வந்த அப்பாவையும் பட்டாசு மாறி மாறி நினைத்துக்கொண்டாள். அக்கா வந்தால் வீடு அடையாளம் தெரிய வேண்டுமே. இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் பட்டம் வாங்கி என்ன கிழித்தோம் என்றிருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றாள். வக்கீலும் அங்கே இருந்தார். "செத்துட்டான்னு போட மாட்டாங்க. வாரியத்துக்கே எழுதலாம். ஆனா அறிவிப்பு உங்க பேப்பர்ல வேண்டாம் சார். எல்லாரும் படிக்கிற பேப்பர்ல, படத்தோட."

"அது எவ்ளோ ஆகும் தெரியுமா? ஏம்மா, யாராவது வந்து நின்னா என்ன பண்றது?"

"வந்து நிக்கட்டும்னுதான் சார் போடறது."

"உன் குடும்ப விஷயத்த ஆபீசுக்குள்ள கொண்டு வராத."

"நேர்மையா தேடினேன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடறது நீங்களா, நானா? அந்தப் பேப்பர்ல போட்டா அதுக்குப் பேரு தேடறது இல்ல சார், ஒளிச்சு வைக்கிறது. நான் போட மாட்டேன்."

முதலாளி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "படம் சின்னதா இருக்கட்டும்" என்று முதலாளி இறங்கி வந்தார்.

அறிவிப்பு வந்தது. தீப்பெட்டி அளவுக்கு எறும்பும் கதவும். கீழே பட்டாசின் போன் எண். அதற்குப் பிறகு போன் அடித்தபோதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தாள். கடன் வேண்டுமா என்றார்கள். ஒருவன் அந்த எறும்பை வரைந்தது தானே என்றான். கீழ்மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் வைத்துவிட்டான்.

ஒரு மத்தியான நேரம் ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அந்த எறும்புக் கதை... அது வந்து..."

"அக்கா?" என்றாள் பட்டாசு. அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"நான் டீச்சருங்க. சின்ன வயசுல படிச்சது. எங்கிட்ட கடைசிப் பக்கம் கிழிஞ்சு போச்சு. அது வீடு போய்ச் சேந்துச்சான்னு இத்தனை வருஷமா ஒரு ஏக்கம். அதான் கேக்கலாம்னு..."

பட்டாசு கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "தட்டிக்கிட்டு நிக்குதுங்க" என்றாள்.

"யாரும் திறக்கலையா?"

"திறக்கிறதுக்குள்ள கதை முடிஞ்சு போச்சு."

வேறு யாரும் கூப்பிடவில்லை. வாரியம் சொன்ன கெடு முடிந்து அனுமதி வந்தது. பட்டாசு அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். உரிமையாளர் இருக்கிறார், இருக்குமிடம் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அவருக்குச் சேர வேண்டியது அவர் பெயரிலேயே இருக்கும். அனுமதி ஐந்து வருடத்துக்குத்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் புதிதாகத் தேட வேண்டும்.

"இருக்கிறார்னா போட்டிருக்கு?" என்றாள் அம்மா. "இன்னொரு தடவ படிடீ."

படித்தாள்.

அப்பா டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"மறுபடி தேடணும்னா, மறுபடி பேப்பர்ல போடுவாங்களா?"

"போட்டுத்தான் ஆகணும்."

"அப்ப இதவிடப் பெருசா போடச் சொல்லு. கதவு சரியாவே தெரியல."