பாக்டீரியாவுக்குள் ஒரு வாய் தண்ணீர்

வேதவல்லிக்கு ஒரு பாக்டீரியாவுக்குள் வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நிரந்தர வேலை, நடந்தே போய்விடலாம்.

வேலை இதுதான். எழுத்துகள் பதித்த இரட்டைப் புரிக் கயிற்றின் மேல் நடக்க வேண்டும். காலடியில் வரும் எழுத்தைப் படித்து, அதற்கான மணியைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். அவள் முதுகுக்குப் பின்னால் மணிச்சரம் நீண்டுகொண்டே வரும். சமையல்காரர் ரைபோ அண்ணன் அந்தச் சரத்தின் மேல் ஏறி, மணி மணியாகப் படித்து முறுக்குப் பிழிவார். பாக்டீரியா அதைத் தின்று பிழைக்கும்.

ரைபோ அண்ணன் ஏறாத வெறும் சரத்தைக் கண்டால் மட்டும் காவல்காரர் ரோவுக்குப் பொறுக்காது. அவருக்கு ஆறு கை. சரத்தைப் பிடித்து ஏறி வந்து, கோக்கிறவளைக் கயிற்றிலிருந்து பிடுங்கி எறிந்துவிடுவார். முறுக்கு பாதியில் நின்றுவிடும்.

அன்று பாக்டீரியாவுக்குக் கொலைப் பசி. சுவர்கள் உறுமின. வேதவல்லி ஓட்டமாய் ஓடினாள். நூஜி மாமா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் வேலையே அதுதான்.

“நிக்காதே! போ, போ!”

பறப்பது போல் இருந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தள்ளுகிறவர் இப்படித் தள்ளினால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்? அப்போது வழியில் ஒரு கதவைத் திறந்து நூசா அத்தை தலையை நீட்டினாள்.

“ஏண்டி வேதா, எங்க போறே?”

கெட்டது குடி. போகிறவளை எங்கே என்று கேட்டுவிட்டால் அப்படியே போக முடியுமா? உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பாக்டீரியாவிலும் அதுதான் வழக்கம்.

வேதவல்லி உட்கார்ந்தாள். சரம் கொண்டை ஊசி போல மடங்கித் தொங்கியது. அத்தை நிதானமாகச் சொம்பைத் தேடினாள்.

“சீக்கிரம் அத்தே! பாக்டீரியா செத்துடும். நாம எல்லாருமே செத்துடுவோம்.”

“பதறாதடி. புரை ஏறும்.”

வேதவல்லி திரும்பிப் பார்த்தாள். சரம் வெறிச்சோடிக் கிடந்தது. ஓடிய ஓட்டத்தில் ரைபோ அண்ணனை எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தொலைவில் அவர் முறுக்கு அச்சைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், ஆறு கையாலும் சரத்தை இழுத்துக்கொண்டு, ரோ.

ரோ வந்தே விட்டார். ஒரு கை அவள் பின்னலைப் பிடித்தது.

அத்தை சொம்பும் கையுமாக நிமிர்ந்தாள்.

“தம்பி, எங்க போறீங்க?”

ரோவின் முகம் செத்துப்போயிற்று. பின்னலை விட்டார். உட்கார்ந்தார்.

“தண்ணி குடுங்க” என்றார்.

அத்தை கையிலிருந்த சொம்பை வேதவல்லியிடம் கொடுத்துவிட்டு, ரோவின் ஒவ்வொரு கைக்கும் ஒரு சொம்பு தேடப் போனாள்.

வேதவல்லி ஒரு வாய் குடித்து எழுவதற்குள் ரைபோ அண்ணன் ரோவைத் தாண்டி வந்து சேர்ந்தார். நூஜி மாமா ஒரு கையை வேதவல்லியின் முதுகிலும் மறுகையை அண்ணன் தோளிலும் போட்டுக்கொண்டார். மூவரும் ஒரே கும்மாளமாக ஓடினார்கள். சரத்தில் ரோ கை வைக்க இடமே இல்லை. கடைசி மணியும் கோத்தாயிற்று. கடைசி முறுக்கும் விழுந்தது. பாக்டீரியா மொறுமொறுவென்று தின்றது.

தின்ற தெம்பில் அது இரண்டாகப் பிரிந்தது. கயிறு இரண்டாயிற்று. அத்தையும் இரண்டானாள். வேலைக்குக் கிளம்பிய வேதவல்லி, எதிரே வேலைக்குக் கிளம்பிய இன்னொரு வேதவல்லியைப் பார்த்தாள். பார்த்தும் பேசாமல் போனால் நன்றாகவா இருக்கும்?

“எங்க போறே?” என்றார்கள் இருவரும்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.