மார்க் இல்லாத நாற்பது காசு

...மார்க் இல்லையாம், என் வீட்டுக்காரர் சேர்த்த நாற்பது பழைய வெள்ளிக் காசுக்கும் இல்லையாம். எழுபதுக்கு இத்தனை என்று போட்டுத் தருவார்கள் என்றுதானே மூன்று மாதமாக இவர் ஓதிக்கொண்டிருந்தார், விற்கிறவன் சொன்னால் வாங்குகிறவன் நம்பமாட்டான் கனகா, அதனால் ரெண்டு பக்கத்துக்கும் வேண்டாதவன், மூன்றாவது ஆள் ஒருத்தன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து மார்க் போட்டு, கண்ணாடி மாதிரி டப்பிக்குள் சீல் வைத்துத் தருவான், அதற்கப்புறம்தான் ஏலம்... சீல் வைத்துத் தந்துவிட்டான். பஸ் அடிவாரம் தாண்டி முதல் வளைவில் திரும்பும்போது மடியில் இருக்கும் பைக்குள் நாற்பது டப்பியும் உரசிக்கொள்கின்றன. மார்க் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை. தமிழ்செல்வன்தான் படித்துச் சொன்னான், சேலத்தில் ஏலக் கம்பெனிக்கு ஏஜெண்ட், நல்ல மரியாதை தெரிந்தவன். ‘தேச்சுக் கழுவுன காசுன்னு போட்டிருக்குதுங்கக்கா. காசு நெசந்தான், ஆனா தேச்சா மார்க்கு போட மாட்டாங்க. பளபளன்னு இருக்கவும் நானே நொம்ப ஒசத்தின்னு நெனச்சுட்டனுங்க.’ நானும் அப்படித்தானப்பா நினைத்தேன் என்று சொல்ல வாய் வந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

யார் தேய்த்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது, அங்கேயே அழுது தீர்த்திருப்பேன். அவனுக்கு அடுத்த வேலை. இனி இவை ஏலப் புத்தகத்தில் தனித்தனியாக வராதாம், வெள்ளி எடைக்குச் சேர்த்துத் தள்ளிவிடுவதுதானாம், பேரும் போடமாட்டார்களாம். பேர்! இந்த மனுசனுக்கு ரூபாயா முக்கியம்? பென்ஷன் வருகிறது, மகள் இலக்கியா திருப்பூரிலிருந்து அனுப்புகிறாள், இரண்டு பேர் சாப்பாடு எவ்வளவு ஆகும். புத்தகத்தில் பக்கத்துக்கு மேலே ‘ஏற்காடு மாதேஸ்வரன் சேகரிப்பு’ என்று அச்சில் வருமாம், அதை ஒருத்தர் படித்துக்காட்ட, காது குளிரக் கேட்டுவிட்டுச் செத்துப்போவாராம். சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது, இப்போது நிழலாட்டம்தான் தெரிகிறது. எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் ரைட்டராக இருந்து கூலியாட்கள் பேரையெல்லாம் எழுதி எழுதித் தேய்ந்த கை, தன் பேரை ஒரு தடவை அச்சில் கேட்க ஆசைப்பட்டது. தப்பா அது? தப்பில்லை. அதைத்தான் நான் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.

ஆமாம், நான்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். இவர் சேலத்தில் கண் ஆஸ்பத்திரியில், கூட இலக்கியா, நான் சாமிக்கு ஒரு விளக்காவது வைக்க வேண்டுமே என்று மலைக்கு வந்தேன். வருஷா வருஷம் இவருடைய பேனாவுக்கும் பேரேட்டுக்கும் சந்தனம் வைப்பேன், ரிட்டையர் ஆனபின் வீட்டில் என்ன ஆயுதம் இருக்கிறது? இந்தக் காசுகள்தானே. கருப்புப் பிடித்து அழுக்குப் பிண்டமாக இருப்பதை சாமி முன்னால் எப்படி வைப்பது? கத்தி, அரிவாள், விளக்கு எல்லாம் தேய்த்து வைக்கிற ஊரில் இதை மட்டும் அழுக்கோடு வைப்பார்களா? புளியைக் கரைத்தேன், சாம்பலைத் தொட்டேன், ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்... கருப்பு போய் ராணியம்மா மூக்கும் ராஜா மொட்டைத் தலையும் வெளியே வந்தபோது எனக்கு என்ன சந்தோஷம். குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி, திரும்ப அந்தந்தக் கவரிலேயே வரிசை மாறாமல் போட்டேன். இவர் வந்து கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார், காசின் முகத்தைத் தொடவே கூடாது, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்தானே. இத்தனை வருஷத்தில் என் கையை ஒரு நாளாவது அவ்வளவு பதனமாகப் பிடித்திருப்பாரா... ஏன் இப்போது இந்த யோசனை? எட்டாவது வளைவு. முன் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது, அதன் அம்மா ‘ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல’ என்று முதுகைத் தடவுகிறாள்.

போன் அடித்தது. இவர்தான். ‘தமிழ்செல்வன் சொல்லிட்டான் கனகா’ என்றார், குரல் தேய்ந்துபோயிருந்தது. ஏனுங்க, நான் வந்து பேசறனுங்க, மாத்திரை போட்டீங்களா என்றேன். காதிலேயே வாங்கவில்லை. ‘அந்தோணி வேலைதான் இது. பார்சல் கட்டறதுக்கு ரெண்டு நாள் அவங்கிட்டத்தான இருந்துச்சு? வாட்ச்சு கழுவற மருந்துல போட்டு எடுத்திருக்கறான். அறிவு கெட்ட பய. நாப்பது வருசப் பழக்கம் கனகா. இப்பக் கூப்புட்டுக் கேக்கறேன், இனிமே எம் மூஞ்சில முழிக்காதேங்கறேன்.’ வேண்டாமுங்க, நான் வந்துடறேன், அதுவரைக்கும் என்று கத்தினேன், பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள், அதற்குள் வளைவில் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாராம். திரும்பத் திரும்ப அதே பொம்பளைக் குரல்.

இவர் அந்தோணி என்று கூப்பிடுகிற ஆண்டனி ராஜ் பஜாரில் வாட்ச் கடை வைத்திருக்கிறார். இவருக்குக் கண் போனதிலிருந்து தினமும் காலையில் வந்து பேப்பர் படித்துக் காட்டுகிறார், விளம்பரம்கூட விடாமல். அவரைத் தவிர எங்கள் படி ஏறுகிறவர் யார்? கடவுளே, நான் சொல்லிவிட வேண்டும், நடையில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும். ஏனுங்க, நான்தானுங்க, தெரியாமச் செஞ்சுட்டனுங்க... அடிப்பாரா? இந்த வயதில் என்ன அடி. பேசமாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், நான் அவருக்குச் சோறு பிசைந்து கொடுக்க வேண்டும், அவர் என் கையில் வாங்கித் தின்ன வேண்டும், இரண்டு பேரும் சாகிற வரைக்கும். இலக்கியா பிறந்த வாரம் பெங்களூரில் காசுக் கண்காட்சி என்று போனாரே, அப்போது நான் ஏதாவது சொன்னேனா? ஒன்றும் சொல்லவில்லை. தெரியாமச் செஞ்சுட்டனுங்க. பதினாறாவது வளைவு... பதினேழு... இதைச் சொன்னால் போதும், இரண்டே வார்த்தை, உண்மையும் அதுதான்.

ஏரிக்கரையில் இறங்கியபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டனி ராஜ் குரங்குக் குல்லாயோடு நின்றிருந்தார். பையைக் கையிலிருந்து வாங்கினார், கனம் பார்ப்பதுபோல் ஒரு தூக்குத் தூக்கி என்னிடமே திருப்பித் தந்தார். ‘போன் பண்ணுனானுங்கம்மா. ஆமான்டா, நாந்தான் மருந்துல போட்டேன்னு சொல்லிட்டேன்.’ பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ‘பார்சல் கட்டறப்பவே பாத்தனுங்க. கவருக்குள்ள குங்குமம் ஒட்டியிருந்துச்சு. மார்க்குப் போடறவன் கண்ணுக்குத் தப்பிச்சாலும் தப்பிச்சுரும்னு அனுப்பிட்டேன். நீங்க தெரியாமச் செஞ்சுட்டீங்க, அதுக்கென்ன பண்றது. கண்ணில்லாதவன், உங்கமேல வெறுப்பு வந்துட்டா அவன் எங்க போவான்? நான் இல்லாட்டி இருந்துக்குவான். பேப்பரை மட்டும் இலக்கியாவைப் போன்ல படிக்கச் சொல்லுங்கம்மா.’ இல்லீங்க என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் பஜார்ப் பக்கம் நடந்துவிட்டார், குனிந்தபடி, திரும்பிப் பார்க்காமல்.

தெரியாமல்... பஸ் நெடுக நான் சொல்லிப் பார்த்த அதே வார்த்தை, அவர் வாயிலிருந்து கேட்டதும் ஏன் இப்படிக் கூசுகிறது? அன்றைக்கு விளக்கைத் தேய்த்து வாசலில் வெயிலில் காயவைத்தேன், அரிவாளையும் வாசலில்தான் வைத்தேன், காசுகளை மட்டும் உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் துணி விரித்து வைத்தேன், அதற்கு முன்னால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை. யாருக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டேன்?