திரைச்சீலை ஈயம்

தையல்காரர் ஆஸ்பத்திரி எடை மேடையில் ஏறும்போதெல்லாம் அவர் மனைவி முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முள் அறுபத்திரண்டில் நின்ற பிறகுதான் மூச்சு வரும். தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கி நாலு வாரம் ஆகிறது. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே மனுஷன் கண்ணீர் விடுகிறார். எடை மட்டும் அசையவில்லை.

"பரவாயில்லையே! மூணு கிலோ இறங்கினாலே மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். இப்போதைக்கு வேண்டாம்" என்றார் டயட்டீஷியன்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பால், வெந்த முட்டை, நிலக்கடலை மாவு, எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்து வடிகட்டி, ரெண்டு மணிக்கொரு தம்ளர் நீட்டுகிறாளே, வீண் போகுமா? அவர் அதை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் காலித் தம்ளரோடு வருவார். முகத்தைச் சுளித்துக் குடிப்பதை அவள் பார்க்கக் கூடாதாம். நல்ல வெட்கம்!

கணவர் கடையில் முப்பது வருஷம் சட்டைகளுக்குக் காஜா எடுத்த அவள் கண்ணுக்கு இது தெரிய வேண்டாமா? கழுத்துக் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது, மோதிரம் சோப்போடு கழன்று விழுகிறது, சட்டை மட்டும் நேற்று அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. எப்படி என்று ஒருநாள்கூட அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தையல் கடையில் ஈயத் துண்டுகளைத் தேடினாள். திரைச்சீலை பறக்காமலிருக்க அடி விளிம்பில் வைத்துத் தைக்கிற சின்ன வட்டங்கள். டப்பா காலி. வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமை எடை பார்க்கப் போகும்போது அவர் போடுகிற கால்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள். கை கீழே இழுத்தது. இடுப்புப் பட்டை முழுக்க ஈயம், கால் விளிம்பிலும் ஈயம். சட்டையைப் புரட்டினால், பக்கத்தையலை மூன்று முறை உள்ளே பிடித்திருந்தார்.

"அடப் பாவி மனுஷா!"

"யார்கிட்டயும் சொல்லாதே." அவர் குரல் வெறும் காற்றாக வந்தது. "மூக்குல குழாயோட தையல் மெஷின்ல உட்கார்ந்தா எவன் துணி குடுப்பான்? இன்னும் ரெண்டு வாரம்தான். இனிமே ஒழுங்கா குடிக்கிறேன், உன் மேல சத்தியம்."

யாரிடமும் கெஞ்சாதவர். அவள் மனசு இளகிப்போனது. பக்கத்திலேயே நின்று குடிக்க வைத்தாள். ரெண்டு மடக்கு இறங்கும், மூன்றாவது மூக்கு வழியாக வெளியே வரும். வியாழக்கிழமை முள் மறுபடி அறுபத்திரண்டைக் காட்டியபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் சிகிச்சை அறைக்குள் போனால் பத்து நிமிஷம் ஆகும். அன்று போன சுருக்கில் கதவு திறந்தது. டெக்னீஷியன் கையில் முகமூடி. தலை அசையாமலிருக்க, முதல் வாரத்துக்கு முன்பே அவர் முகத்தில் வைத்து வார்த்த பிளாஸ்டிக் வலை.

"அம்மா, இதுக்குள்ள தலை திரும்புது. கன்னத்துல ரெண்டு விரல் போற அளவுக்கு இடைவெளி. இப்படியே கரண்ட் வெச்சா வேற எங்கயாவது படும். எடை குறையலையே, அப்புறம் எப்படி?"

அவள் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். எடை அறையில், டயட்டீஷியன் கண் முன்னாலேயே, கணவரின் இடுப்புப் பட்டையைப் பிரித்தாள், விளிம்பைப் பிரித்தாள். ஈயம் தரையெல்லாம் சிதறி ஓடியது.

"ஏறுங்க" என்றாள் கணவரிடம்.

ஏறினார். ஐம்பத்தேழு.

"குழாய் இன்னிக்கே போடணும். புது முகமூடி, புது ஸ்கேன்... அதுவரைக்கும் சிகிச்சை நிக்கும். கட்டி நமக்காகக் காத்திருக்காதும்மா." டயட்டீஷியன் குனிந்து ஒரு துண்டைப் பொறுக்கினார். "உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

"அவளுக்கு எதுவும் தெரியாது" என்றார் தையல்காரர் முந்திக்கொண்டு.

"திங்கக்கிழமையே தெரியும்" என்றாள் அவள்.