பொறி இல்லை

லூர்துபிரகாஷுக்கு இடது கிட்னியை எடுத்தாகிவிட்டது. கட்டியும் அதோடு போயிற்று. தையல் ஆறியதும் தட்டாஞ்சாவடி பட்டறைக்குப் போய் மறுபடி வெல்டிங் ராடைப் பிடிக்கலாம் என்று இருந்தவனை, எடுத்த கட்டியைச் சோதித்த டாக்டர் ஸமீஹா நேரில் வரச் சொல்லி போன் பண்ணினார்.

"ரிப்போர்ட்டக் குடுத்துட்டா போவுது. ஆளை எதுக்குக் கூப்புடுறாங்க?" வழி நெடுக முனகிக்கொண்டே வந்தாள் மனைவி சூசைமேரி. மகள் மெரின் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் கிட்னியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

"கிட்னி தோள்லயா இருக்குது டாக்டர்?" சிரித்தபடியே கழற்றினான்.

தோளிலும் கையிலும் கொத்தாகப் பருக்கள். மிளகு அளவு, சிவந்த பழுப்பு.

"இது என்ன?"

"பொறி டாக்டர். வெல்டிங் பொறி தெறிச்சது. பட்டறையில எல்லாருக்கும் இருக்கும்."

"எல்லாருக்கும் இதே மாதிரியா?"

யோசித்தான். கூட வேலை செய்யும் பக்கிரி கையில் இருப்பது கறுத்த தழும்பு. தோலோடு அழுந்திக் கிடக்கும். இப்படி உருண்டு நிற்காது.

"பச்சத்தண்ணி பட்டா வலிக்குமா?"

சுருக்கென்றது அவனுக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை. மார்கழியில் குளித்தால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். நெருப்பில் வேலை செய்கிறவன் தண்ணிக்குப் பயந்தான் என்று தெரிந்தால் பட்டறையில் ஓட்டியே கொன்றுவிடுவார்கள்.

"இது தழும்பு இல்ல. சின்னச் சின்னத் தசைக்கட்டி." டாக்டர் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். "இது உங்க கிட்னியில இருந்த கட்டி. பெருசாக்கிக் காட்டுறேன்."

ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பெரிய சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை வளையம். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற நெருப்பு போலவே இருந்தது.

"இந்தப் புள்ளியைப் பாத்துத்தான் சந்தேகம் வந்துச்சு. ஒரு சாயம் போட்டுப் பாத்தோம். நல்ல செல்லுன்னா பழுப்பா ஏறும். பாருங்க, ரத்தக்குழாயில ஏறியிருக்கு, கட்டியில ஏறவே இல்ல. ரொம்ப அபூர்வமான கேன்சர். மறுபடி வந்தா வேகமா வரும். ஸ்கேன் விடாம எடுக்கணும்." திரையிலிருந்து அவர்கள் பக்கம் திரும்பி, "கூடப்பொறந்தவங்க யாருக்காவது சின்ன வயசுலயே கர்ப்பப்பையில கட்டி வந்துச்சா?" என்றார்.

"இவரு அக்காவுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. பிரான்சுல இருக்குறாங்க," என்றாள் சூசைமேரி.

லூர்துபிரகாஷுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அக்கா அன்றைக்கே போனில் பிரெஞ்சு வார்த்தையிலேயே சொன்னாளே. "டாக்டரு ஃபமிலியால்னு சொல்றாருடா, ஃபமிலியால்." அவன் காதில் அது ஃபேமிலி பிராப்ளம் என்று விழுந்தது. மச்சானோடு சண்டையாக்கும் என்று நினைத்து, "குடும்பம்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போக்கா" என்று புத்தி சொல்லி வைத்துவிட்டான்.

"ஃபமிலியால்னா இன்னா டாக்டர்?"

"பரம்பரையா வர்றது. இந்தப் பரு, கர்ப்பப்பைக் கட்டி, கிட்னிக் கட்டி எல்லாத்துக்கும் ஒரே கோளாறுதான் காரணம். உங்க பசங்களுக்கு இந்த மாதிரிப் பரு..."

"இல்ல." கேள்வி முடிவதற்குள் சொன்னாள் சூசைமேரி. "ஒரே பொண்ணு. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். மெரினுக்குத் தோளில், சுடிதார் கை மறைக்கிற இடத்தில் இருக்கிறது. வீடே சிரித்திருக்கிறது. 'வெல்டர் பொண்ணாச்சே, அப்பன் பொறி ஒட்டிக்கிச்சு' என்று சொன்னதே அவன்தான். பட்டறை வாசலைக்கூட மிதிக்காத பெண்.

"இருக்குது டாக்டர்."

"ஏங்க!" சூசைமேரி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சி ஆவ வேணாமா?"

"அதுக்கு அவ இருக்கணுமில்ல மேரி."

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்மா," என்றார் டாக்டர். "அவளுக்கு இருந்தாலும், வருசா வருசம் ஸ்கேன் எடுத்தா சின்னதுலயே பிடிச்சுடலாம். இவருக்குத்தான் அது கெடைக்கல."

சட்டையைப் போட அவனுக்குத் தோன்றவில்லை. அப்படியே போய்க் கதவைத் திறந்தான். மெரின் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இன்னாப்பா, ஒடம்பைக் காட்டிக்கிட்டு நிக்கிற? உள்ள உன் பொறியெல்லாம் எண்ணுறாங்களா?"

பொறி இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பாதியில் விட்டுவிட்டு, கையால் உள்ளே கூப்பிட்டான்.

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.